காதற் பாடலும் பெயரற்ற குரலும்: ஒரு வரலாற்று நோக்கு

காதற் பாடல்கள் பற்றிப் பேசப்புகும் எவரும் முதலில் தமக்கு உவப்பான பாடல்களையே எண்ணிக்கொள்வர். ஒருவருக்கு விளம்ப காலத்திற் பாடப்படும் பதம் நினைவில் எழும். மற்றொருவருக்கு மட்டக்களப்பு வயற்புறத்துக் கவி. இன்னொருவருக்கு வானொலியிற் கேட்ட திரைப்படப் பாடல். விருப்பம் தனிமனிதருக்குரியது போலத் தோன்றினும், எவ்வகைப் பாடல் எவரை வந்தடைகின்றது என்பதைச் சமுதாய வரலாறே பெரிதும் தீர்மானிக்கின்றது. பதத்தைச் சுவைத்தோர் கவியை அறியாதிருந்தமையும், கவியைப் பாடியோர் பதத்தைக் கேளாமலே மறைந்தமையும் தற்செயல் நிகழ்ச்சிகள் அல்ல.

இம்மூன்று இசைவகைகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஒரு பொதுப்பண்பு புலனாகின்றது. மூன்றிலும் நாம் விரும்பிக் கேட்கும் பாடல்களிற் பல பெண் கூற்றாக அமைந்தவை. ஆற்றாமை, ஊடல், இடித்துரை, அழைப்பு ஆகிய யாவும் பெண் வாய்மொழியாகவே வெளிப்படுகின்றன. ஆயினும் அவற்றைப் பாடிய பெண்களின் பெயர்களைத் தேடினால் இடைவெளிகளே மிகுதியாக எதிர்ப்படுகின்றன. இப்பெயரின்மை எல்லாவிடத்தும் ஒரே தன்மையதா? அது பெண் தானே தேடிக்கொண்ட மறைவா, அன்றிப் பிறர் அவள்மேற் சுமத்திய மறைப்பா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

அகமரபில் பெயர்

அகத்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கின்றது. பெயர் சுட்டப்படின் அப்பாடல் புறத்தின்பாற் படும். இதனை வெறும் இலக்கண நுட்பமாகக் கொள்வது போதாது. அகப்பாடல்களிற் பெரிதும் அஞ்சப்படுவது ஊரலர். களவொழுக்கத்திலே பெயர் வெளிப்படுவதால் வரும் இடர் ஆணைவிடப் பெண்ணையே கூடுதலாகத் தாக்கும். ஆகவே பெயர் சுட்டாமை என்னும் மரபு பெண்ணின் விருப்பத்தை வெளிப்படையாகப் பேசுவதற்கு ஓர் அரணாகவும் அமைந்தது எனலாம். பெயரில்லாத தலைவி எந்த ஊரினளாகவும் இருக்கலாம். அதனாலேயே அவள் எதையும் சொல்லலாம்.

பாடியோர் பெயரும் சிலவிடத்துப் பாடலுக்குள்ளே கரைந்துவிட்டது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்றோரை அவர்தம் பாடல்களில் வரும் தொடர்களைக் கொண்டே தொகுத்தோர் பெயரிட்டனர். காக்கையைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். இவற்றினிடையே குறிப்பிடத்தக்க விதிவிலக்கு ஒன்றுண்டு. அகநானூற்றின் 147 ஆம் பாடலில் ஔவையார், கணவனைத் தேடியலைந்த வெள்ளிவீதியாரைப் பெயர் சுட்டி உவமையாக்குகின்றார். பெண் புலவர் ஒருவரின் துயரத்தை மற்றொரு பெண் புலவர் பெயருடன் பதிவு செய்தமை நம் இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. பண்டைத் தமிழ்ப் பாடல்களின் வாய்மொழி அடிப்படையைப் பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் நிறுவினார். அவ்வடிப்படையை ஏற்கும்போது, நமக்குக் கிடைத்துள்ள புலவர் பெயர்களுக்குப் பின்னே பெயர் எஞ்சாத பாணரும் விறலியரும் பலர் நின்றனர் என்பதையும் ஏற்கவேண்டியவராகின்றோம்.

பக்தி இயக்கம் இம்மரபை ஒரு திசையில் மாற்றியது. தலைவனுக்கு இறைவன் பெயர் கிடைத்தது. நம்மாழ்வார் போன்ற ஆண் அடியார்கள் நாயகி பாவத்திற் பாடினர். ஆண்டாளோ தம் பதிகங்களின் இறுதியிற் கோதை என்னும் தமது பெயரைத் தாமே பொறித்தார். பின்வந்த பதங்களில் தலைவனின் பெயர் நிலைத்தது. பெண்ணின் பெயர் நிலைக்கவில்லை.

பதமும் அதனைக் காத்தோரும்

17 ஆம் நூற்றாண்டிலே தெலுங்கிற் பாடிய க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் இவ்வடிவத்தின் முழுமையைக் காட்டுவன. தஞ்சையை 1633 முதல் 1673 வரை ஆண்ட விஜயராகவ நாயக்கரின் அவையோடு அவர் தொடர்புடையவர். அவருடைய பாடல்கள் முவ்வகோபாலனை முன்னிலைப்படுத்துவன. தமிழிற் சீர்காழி முத்துத்தாண்டவர், உடையார்பாளையம் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்த கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன் கோயில் சுப்பராமையர் ஆகியோர் பதங்கள் இயற்றினர். இயற்றியோர் ஆடவர், பாட்டுடைத் தலைவன் இறைவன் அல்லது புரவலன், பேசுபவள் பெண். பாடியும் அபிநயித்தும் தலைமுறை தலைமுறையாகக் காத்தோர் தேவதாசி மரபிற் பிறந்த பெண்கள்.

பதம் மெதுவாகச் செல்வது. ஒரே சொற்றொடரைப் பலமுறை மீட்டுப் பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருட்சாயல் தோன்றச் செய்வது அதன் இயல்பு. ஏட்டிலுள்ள பாடம் இதன் ஒரு பகுதியே. எந்த எழுத்திலே குரல் தயங்க வேண்டும், எந்தச் சுரத்தை முழுதும் தொடாமல் விட வேண்டும் என்பன குரலிலிருந்து குரலுக்கே கையளிக்கப்பட்டன. அவ்வகையில், இயற்றியவரோடு ஒப்ப எண்ணத்தக்க ஆக்கப் பங்கு பாடியவளுக்கும் உண்டு. சென்னையில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) இதற்குச் சிறந்த சான்று. அவர் இல்லத்தின் வெள்ளிக்கிழமை மாலைக் கச்சேரிகளுக்கு அக்காலத்துப் பெரும் வித்துவான்களும் சென்றமர்ந்தனர். அவருடைய பேத்தியரான பிருந்தா, முக்தா, நடனக் கலைஞர் பாலசரஸ்வதி ஆகியோர் வழியாகவே பதங்களும் ஜாவளிகளும் பெருமளவில் இன்றைய கச்சேரி மேடையை வந்தடைந்தன. பதத்தினும் விரைந்த நடையும் எளிய மொழியும் கொண்ட ஜாவளி 19 ஆம் நூற்றாண்டிற் செல்வாக்குற்ற வடிவமாகும்.

இங்குப் பெயர் மறைக்கப்பட்ட முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 18 ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராத்திய மன்னன் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த முத்துப்பழனி என்னும் கணிகை 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காதற் காவியத்தை இயற்றினாள். பிற்கால அச்சுப் பதிப்பொன்றைப் பெற்ற பெங்களூர் நாகரத்தினம்மாள், முத்துப்பழனி தன்னையும் தன் முன்னோரையும் பற்றிக் கூறிய முகப்புப் பகுதி அதில் இடம்பெறாமையைக் கண்டார். சில செய்யுள்களும் விடுபட்டிருந்தன. சுவடியைத் தேடிப்பெற்று, 1910 இல் முழுமையான பதிப்பை அவர் வெளியிட்டார். ஆபாசம் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அந்நூல் பிரித்தானிய அரசினால் 1911 இல் தடைசெய்யப்பட்டது. தடை 1947 இலேயே நீங்கியது. நூலின் காமச்சுவையைக் கண்டித்தோர் ஒத்த சுவையுடைய ஆடவர் காவியங்களைப் பொறுத்துக்கொண்டனர் என்பதை நாகரத்தினம்மாள் அன்றே சுட்டிக்காட்டினார். விருப்பத்தைப் பாடுவது அக்காலத்துக் கற்றோருக்குப் புதிதன்று; அவ்விருப்பத்தின் கீழே ஒரு பெண் தன் பெயரையும் குலத்தையும் எழுதிவைத்தமையே அவர்களை உறுத்தியது என நாம் கருதுகின்றோம்.

தேவதாசி முறையின் ஒழிப்பு இவ்வரலாற்றோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தது. கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கத்திற்கு எதிராக 1920களின் பிற்பகுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையிற் குரலெழுப்பினார். அம்மரபினுள்ளிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936 இல் வெளியிட்ட புதினத்திலே அதன் சுரண்டலை வெளிப்படுத்தினார். 1947 இல் சென்னை மாகாணத்திற் சட்டம் நிறைவேறியது. நிலமானிய சமுதாயத்தின் கொடிய நிறுவனம் ஒன்று வீழ்ந்தமை வரவேற்கத்தக்கதே. இதில் முற்போக்காளருக்குள் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அதே காலப்பகுதியில் நிகழ்ந்த மற்றொரு மாற்றத்தையும் காணத்தவறலாகாது. அப்பெண்களின் கலை உயர்சாதி நடுத்தர வர்க்கத்தின் கைக்கு மாறியது. 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி நடனத்திற் சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்தினார். பரதத்திற் புதிதாகத் தூய்மைப்படுத்த வேண்டியது எதுவுமில்லை என்ற கருத்தைப் பாலசரஸ்வதி 1975 இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் வலியுறுத்தினார். காதற் பாடலின் சுவை பற்றிய விவாதமாக இது தோற்றமளிப்பினும், அப்பாடலை எவர் பாடலாம் என்ற உரிமைப் போட்டியும் அதனுள் அடங்கியிருந்தது. மேடை கௌரவம் பெற்றது. அதனை உருவாக்கிய பெண்கள் பலரின் பிள்ளைகளோ பிறப்பை மறைத்து வாழ நேர்ந்தது.

வயற்புறத்துக் கவி

அவையையும் மேடையையும் விட்டு நம் நாட்டின் கிழக்குக் கரைக்கு வருவோமாயின் முற்றிலும் வேறான சூழலைக் காண்கின்றோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றிய நாலடிக் கவிகளுக்குப் புரவலர் எவருமில்லை. போடியாரின் வயலில் உழைத்தவர்கள் இரவுக் காவலின்போது பரண்மீதிருந்தும், சூடு மிதிக்கும்போதும், வண்டி ஓட்டிச் செல்லும்போதும் பாடினர். பெண்கள் வீட்டுவேலையினிடையே பாடினர். ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பேசுவதாக அமைந்த கவிகள் பல. விதைப்பு முதல் அறுவடை வரை ஆடவர் ஊரைவிட்டு வயல்வாடியில் தங்கநேர்ந்தமை பிரிவுக் கவிகளுக்குரிய பொருளியற் பின்னணியாகும். முல்லைத் திணையின் காத்திருப்பை நினைவூட்டும் இந்நிலை, ஏட்டுக் கல்வியின் வழி வந்ததன்று. ஒத்த உழைப்பு முறையினின்றும் தோன்றியது.

இக்கவிகளில் விளியாக வரும் மச்சான் என்ற சொல்லை இங்கு ஊன்றி நோக்கவேண்டும். கிழக்கின் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமரபு நிலவுகின்றது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் இல்லத்திற்கு வந்து வாழ்வான். மாமன் மகனும் அத்தை மகனும் மணத்திற்கு உரிமையுடையோர். எனவே பெண்ணொருத்தி 'மச்சான்' என விளிக்கும்போது அன்பை மட்டும் வெளியிடவில்லை. முறைவழி வந்த உரிமை ஒன்றையும் நினைவூட்டுகின்றாள். அவன் வேறிடத்தில் மணம் பேசினால் அவளுடைய கவி இடித்துரையாகின்றது. பதத்தின் நாயகி புரவலனின் வருகைக்காகக் காத்திருப்பவள். கவியின் பெண் தன் வீட்டு வாயிலில் நின்று கணக்குக் கேட்பவள். இவ்வேறுபாட்டைக் குரலின் இயல்பு மட்டுங்கொண்டு விளக்கிவிட முடியாது. வீடு எவர் பெயரில் இருக்கின்றது என்பதையும் சேர்த்தே அதனை விளக்கவேண்டும்.

மலையகத்தின் நிலை இதனின் வேறானது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்த தோட்டத் தொழிலாளர் பாடல்கள், கங்காணியும் லயமும் கூலிக்கணக்கும் சூழ்ந்த வாழ்விலிருந்து பிறந்தவை. தனிமைக்கு இடமில்லாத லயக் காம்பிராவிலே காதலும் பிறர் கண்ணுக்குத் தப்பிப் பேசவேண்டிய பொருளாயிற்று. நிலமும் இல்லமும் தமதல்லாத இடத்தில் உரிமைக் குரல் எழுதல் அரிது. காதலும் வேலைத்தல அனுபவமும் அங்கு ஒன்றோடொன்று கலந்தே பேசப்பட்டன.

1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிகளின் நாட்டார் பாடல்களைப் பதிப்பித்தமை ஈழத்து ஆய்வுலகிற் பெருந்திருப்பமாகும். கற்றோர் பொருட்படுத்தாதிருந்த செல்வம் அதனாற் பல்கலைக்கழகத்தின் கவனத்தைப் பெற்றது. எனினும் நம் நாட்டார் பாடற்றொகுதிகளிற் பெரும்பாலானவை பாடலின் ஊரைக் குறிப்பிடுமளவிற்குப் பாடியவரைக் குறிப்பிடுவதில்லை. நாட்டார் பாடல் கூட்டு ஆக்கம், அதற்கு ஆசிரியர் இல்லை என்ற கோட்பாடு இதற்கு நியாயமாகக் கூறப்படும். ஆக்கம் கூட்டுடையதாயினும் நினைவு தனியொருத்தியினுடையது. நூறு கவிகளை நினைவில் வைத்திருந்து ஆய்வாளனுக்குப் பாடிக்காட்டிய மூதாட்டிக்குப் பெயருண்டு. தொகுத்தவனின் பெயர் அட்டையிலே பெரிய எழுத்திற் காணப்படும்போது அவளுடைய பெயர் இல்லாமை கோட்பாட்டின் விளைவு மட்டுமன்று.

மேடையும் திரையும்

வள்ளி கதை கதிர்காமத்தோடும் இணைத்துப் பேசப்படுவது. ஆகவே நமக்கு அண்மையது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' தமிழ் நாடக மேடையில் மிகப் பரவலாக நடிக்கப்பெற்ற காதல் நாடகங்களுள் ஒன்று. 1920களின் நடுப்பகுதியிற் கொழும்பு மேடையிலே கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் வள்ளியும் வேலனுமாகப் பாடி நடித்தனர். நாடகத்தின் காதல் வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1933 இல் கிட்டப்பா இளவயதிலே மறைந்ததும் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை பூண்டார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லையென உறுதிகொண்டார். 1935 இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா என்பது அக்காலத்திற் பெருவியப்பு. பின்னர் 1953 இல் ஔவையாராகத் தோன்றினார். தமிழ் மேடையின் தலைசிறந்த காதற்குரல்களுள் ஒன்று பக்திக்குள்ளும் முதுமைக்குள்ளும் புகுந்தே தன் பெயரைக் காத்துக்கொண்டது. விதவையொருத்தியின் வாயிற் காதற் பாடலைச் சமூகம் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதே வள்ளி கதை மற்றொரு திருப்பத்திற்கும் களமாயிற்று. முதற் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) காலத்தில் நடிப்போரே பாடினர். ஏ. வி. மெய்யப்பன் தயாரித்து 1945 இல் வெளிவந்த 'ஸ்ரீ வள்ளி'யில், நாயகி ருக்மிணியின் பாட்டு டி. ஆர். மகாலிங்கத்தின் பாட்டுக்கு ஈடாகவில்லை எனக் கருதப்பட்டமையால், பி. ஏ. பெரியநாயகியின் குரல் பின்னர் இணைக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உருவமும் மற்றொரு பெண்ணின் குரலும் சேர்ந்து ஒரே காதலியாயின. பின்னணிப் பாடல் தமிழிற் சில ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருந்தது. அது பொதுவழக்காகும் காலம் இப்போது நெருங்கியது. பம்பாய்த் திரையுலகில் 1949 இல் வெளிவந்த 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாடலுக்குரிய இசைத்தட்டிலே, பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்கு மாறாகக் கதைப்பாத்திரமான காமினியின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. கற்பனைப் பெண்ணுக்குப் பெயரிருந்தது. மூச்சுவிட்டுப் பாடியவளுக்கு இல்லை.

இந்நிலையை மாற்றியதில் வானொலிக்கு முக்கிய பங்குண்டு. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952 முதல் இந்திய அமைச்சர் கேஸ்கரின் கொள்கையினால் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டபோது, கடல்கடந்த நேயர்களும் கொழும்பை நாடினர். பாடலுக்கு முன் படத்தின் பெயரோடு பாடியவர் பெயரையும் அறிவிப்பாளர் கூறக் கேட்டு வளர்ந்த தலைமுறையினருக்கு, பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் முகம் காணாமலே அறிமுகமானவர்கள். பாட்டெழுதியோர் மட்டும் நெடுங்காலம் ஆடவராகவே இருந்தனர். காதலியின் வாய்மொழியைக் கண்ணதாசனும் பிறரும் எழுத, பாடகியர் பாடினர். பெண் பாடலாசிரியர் ஒருவர், தாமரை, பரவலான புகழ் பெறுவதற்கு 2000களின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பெயரின் உரிமை

இதுகாறும் நோக்கியவற்றால் பெயரின்மை இருவகைப்படும் என்பது தெளிவாகும். அகத்தலைவியின் பெயரின்மையும், கவி பாடிய பெண் தன் காதலை 'மச்சான்' என்ற பொதுச்சொல்லுக்குள் ஒளித்தமையும் ஒருவகை. அவை பேசுவதற்குத் துணைநின்றவை. முத்துப்பழனியின் முகப்புப் பகுதி விடுபட்டமை, இசைத்தட்டிற் பாடகி பெயர் அழிந்தமை, தொகுதிகளிற் பாடியோர் பெயர் பதிவாகாமை ஆகியன மற்றொரு வகை. அவற்றால் பாடலின் பயன் வேறொருவரைச் சேர்ந்தது. முதலாவதைப் பாராட்டும் இலக்கிய மரபைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்துதல் பொருந்தாது.

சட்டமும் இப்போது ஓரளவு இவ்விடத்திற்கு வந்துள்ளது. இந்தியாவில் 1994 இலும் 2012 இலும் செய்யப்பட்ட பதிப்புரிமைத் திருத்தங்கள் பாடுவோரின் உரிமையையும் ஊதியப் பங்கையும் ஏற்றன. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நாட்டார் ஆக்கங்களை அச்சில் வெளியிடுவோர் அவை பெறப்பட்ட சமூகத்தையோ இடத்தையோ குறிப்பிடவேண்டும் என்கின்றது. ஊரின் பெயரோடு அச்சட்டம் நின்றுவிடுகின்றது. அதற்கப்பால் செல்லவேண்டியது ஆய்வாளரின் கடமை.

நாட்டார் பாடல் தேடி ஊர்களுக்குச் செல்லும் நம் மாணவர், பாடியவரின் பெயர், வயது, தொழில், அப்பாடலை எவரிடம் கேட்டறிந்தார் என்பவற்றையும் பாடலோடு சேர்த்து எழுதுதல் வேண்டும். அதற்கு முன்னர், பெயரை வெளியிடலாமா என அவரிடமே கேட்டல் வேண்டும். காதற் பாடலைப் பாடிவிட்டுப் பேரப்பிள்ளைகள் அறியவேண்டாம் எனச் சொல்லும் பாட்டியின் சொல்லை மதித்து அவர் பெயரை மறைப்போம். எழுதிக்கொள் எனச் சொல்பவரின் பெயரைப் பாடலுக்கு மேலே எழுதுவோம்.